பேச்சிப்பாறை ஏற்றத்தில் பின்னோக்கி உருண்ட பஸ்

குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்கு மோட்டார் பஸ் ஓட்டி அலுத்துப்போனவன் நான். சென்ற கோடையில் பட்டறைக்காரர்கள் இஞ்சினைப் பிரித்துப் பூட்டித் தந்தார்கள். அன்று முதல் வண்டிக்கு இழுவையே இல்லை. பெட்ரோலை மட்டும் குடித்தது. முதலாளியிடம் சொன்னேன்.

"வெயில்ல இஞ்சின் உறிஞ்சுற காத்து சூடாயி லேசாவும், அதான் பலம் குறையுது. மழை வரட்டும் வே, சரியாயிரும்," என்றார். நானும் நம்பினேன்.

மழை வந்து காற்றும் குளிர்ந்தது. இழுவை மட்டும் வரவில்லை. ஒரு காலையில், ஆள் நிறைந்த வண்டி ஏற்றத்தில் திணறி நின்று பின்னோக்கி உருண்டது. நனைந்த பிரேக் பிடிக்கவில்லை. பின்னால் பள்ளம். பின்படியருகே கருவாட்டுக் கூடையோடு இருந்த குளச்சல்காரி ஒருத்தி குதித்து, வழியோரக் கல்லைச் சக்கரத்துக்கு அடியில் தள்ளினாள். வண்டி நின்றது. என் கை ஸ்டியரிங்கை விடவில்லை.

"ஏலே மக்கா, முதல்ல பிள்ளையள இறக்கு. பொறவு இருந்து நடுங்கலாம்," என்றாள்.

இஞ்சினைப் பிரித்தபோதுதான் தெரிந்தது. வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் பல்சக்கரத்தை ஒரு பல் தள்ளிப் பூட்டியிருந்தார்கள். வால்வு நேரந்தவறி மூடியதால், உறிஞ்சிய காற்றில் ஒரு பங்கு எரியுமுன்னே திரும்பிப் போயிருக்கிறது.

இப்போதெல்லாம் இஞ்சினைப் பிரித்துப் பூட்டினால், முதலில் ஆளில்லாத வண்டியைத்தான் அந்த ஏற்றத்தில் ஏற்றிப் பார்க்கிறேன். பெட்ரோல் வீண் என்று முதலாளி முணுமுணுக்கிறார். முணுமுணுக்கட்டும்.