வருவதாக உறுதிசெய்த அறுநூற்று நாற்பது பேர்

செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்குச் செய்தி வந்தபோது, இறந்தவர் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தார். முந்தின நாள் மாலை அவர் நேரம் குறித்து வைத்துவிட்டுப் போன சோதனை, அவர் பெயரிலேயே அலுவலகத் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. அதன் இருநூற்றுப் பன்னிரண்டாவது ஆள் மருத்துவமனை இணையதளத்துக்குள் நுழைந்து பல் டாக்டரைத் தேடிக்கொண்டிருந்தார்.

தொலைபேசியை வைத்த பக்கத்து மேஜைக்காரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சோதனையை நிறுத்துவதா, விடுவதா? மேலாளர் எட்டிப் பார்த்தார்.

"ஓடட்டும்மா. பாதியில நிறுத்தினா அவரு கோவிச்சுக்குவாரு."

இறந்தவரை எல்லோரும் பட்டாளம் என்றுதான் கூப்பிட்டார்கள். ஓர் இணையதளம் ஒரே சமயத்தில் எத்தனை பேரைத் தாங்கும் என்று பார்ப்பது அவர் வேலை. அதற்கு நிஜ ஆட்கள் தேவையில்லை. ஒரு கோப்பில் வரிசைக்கு ஒருவராக எழுதி வைத்தால், சோதனை நிரல் ஒவ்வொரு வரிசையாக எடுத்து, அந்த ஆளாக வேஷம் கட்டிக்கொண்டு தளத்துக்குள் போகும். மற்றவர்கள் ஆள் ஒன்று, ஆள் இரண்டு என்று எண் போட்டு அரை மணியில் முடித்துவிடுவார்கள். பட்டாளத்துக்கு அது ஆகாது. "எண்ணுக்குப் பல் வலிக்குமா?" என்று கேட்பார்.

அவர் கோப்பில் ஒவ்வொருவருக்கும் பெயர், வயது, நோய், மின்னஞ்சல் எல்லாம் உண்டு. போதாததற்குக் 'குறிப்பு' என்று ஒரு கட்டம், ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கம் போகக் காத்திருக்கும் நேரம் என்று ஒரு கட்டம். தையல்காரருக்கு நாற்பது விநாடி. கண்ணாடியைத் தேட வேண்டும். லாரி ஓட்டுநருக்கு மூன்றே விநாடி. கைக்குழந்தைக்காரி பாதியில் எழுந்து போய் ஒன்பது நிமிடம் கழித்துத்தான் திரும்புவாள். ஒருமுறை மேலாளர் அவசரத்துக்கு எல்லோருக்கும் ஒரு விநாடி என்று மாற்றிவிட்டார். பட்டாளம் அன்றைக்குச் சாப்பிடவேயில்லை. "அந்த மனுஷன் கண்ணாடியே போடலை சார், அதுக்குள்ள பொத்தானை அமுக்க வெச்சுட்டீங்களே!"

இத்தனை பேரோடு புழங்கிய மனிதர் நிஜத்தில் யாரோடும் ஒட்டாதவர். கல்யாணம் இல்லை. அக்கா வீட்டு மாடியில் குடியிருந்தார். அவர் கைபேசி அடித்தால் அது அக்காதான், கதவைப் பூட்டினாயா என்று கேட்க.

வியாழக்கிழமை அந்த அக்கா பக்கத்து மேஜைக்காரியை அழைத்தாள். அழுது கரகரத்த குரலில் ஒரு பெருமை இருந்தது.

"ஏம்மா, எங்க தம்பிக்கு ஃப்ரெண்டே இல்லைன்னு நெனச்சுட்டு இருந்தேம்மா நானு! அவன் கம்ப்யூட்டர்ல 'ஆட்கள்'னு ஒரு லிஸ்ட் இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை இரங்கல் கூட்டத்துக்கு வாங்கன்னு எல்லாருக்கும் மெயில் போட்டேன். அறுநூத்தி நாப்பது பேரும், ஒருத்தர் பாக்கியில்லாம, வர்றேன்னு பதில் போட்டுட்டாங்க!"

பக்கத்து மேஜைக்காரிக்கு அது எந்தப் பட்டியல் என்று புரிந்துவிட்டது. அந்த முகவரிகள் அனைத்தும் அலுவலகத்தின் ஒரே சோதனை அஞ்சல் பெட்டிக்குத்தான் போகும். மருத்துவமனை நேரம் குறித்து அஞ்சல் அனுப்பினால் நோயாளி உறுதிசெய்ய வேண்டுமே என்று, எது வந்தாலும் தானாகப் பதில் போகும்படி பட்டாளம் அமைத்திருந்தார். 'கிடைத்தது. குறித்த நேரத்தில் வந்துவிடுகிறேன்.' அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். ஒரே மனிதரின் மரணத்துக்கு அறுநூற்று நாற்பது அறிவிப்புகள்.

இரண்டு நாள் சொல்வதா வேண்டாமா என்று மென்று விழுங்கினாள். சொன்னால், இப்போதுதான் கிடைத்த அத்தனை நண்பர்களையும் அந்த அம்மாளிடமிருந்து பிடுங்கிவிடுவோம். சொல்லாவிட்டால், ஞாயிற்றுக்கிழமை காலி மண்டபம் அதைச் சொல்லிவிடும். சனிக்கிழமை நேரிலேயே போனாள். நாற்காலி வாடகைக்காரர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"அம்பது அம்பதாத்தான் கட்டும்மா. அறுநூத்தம்பதா எடுத்துக்குங்க. கூட வர்றவங்க நிப்பாங்களா?"

அவர் போனதும் பக்கத்து மேஜைக்காரி எல்லாவற்றையும் சொன்னாள், தையல்காரரின் கண்ணாடியிலிருந்து கைக்குழந்தைக்காரியின் ஒன்பது நிமிடம் வரை.

"அப்போ இந்தத் தையல்காரரு?"

"இல்லைக்கா."

"கைக்குழந்தையோட அந்தப் பொண்ணு? அவளுமா?"

"அவளும்தான்க்கா."

"படுபாவி. மாடியில உக்காந்து இதைத்தான் பண்ணிட்டு இருந்தானா?" அக்கா தம்பியின் கணினியை வந்தவள் பக்கம் திருப்பினாள். "மெயில் அனுப்பறப்ப பேரை மட்டுந்தான் பார்த்தேன். அந்தக் குறிப்பை எல்லாம் படி, கேப்போம்."

பக்கத்து மேஜைக்காரி ஒவ்வொன்றாகப் படித்தாள். எண்பத்தெட்டாவது வரிசையில் குரல் தயங்கியது. 'வயது ஐம்பத்தெட்டு. முட்டிவலி. படிவத்தை மூன்று தடவை படிப்பாள். அப்புறம் மாடியைப் பார்த்துத் தம்பியைக் கூப்பிடுவாள். காத்திருக்கும் நேரம்: அவன் இறங்கி வரும்வரை, ஐம்பது விநாடி.'

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பொய். அவனாவது, அம்பது செகண்டுல இறங்கறதாவது! நாலு தடவை கத்தணும். எழுபதுன்னு மாத்தும்மா."

மாற்றினாள். "நாற்காலி வேண்டாம்னு சொல்லிடவாக்கா?"

"ஏன்? நானும் அந்த லிஸ்ட்ல ஒருத்திதானே? நான் வர்றேன்ல? வர்றேன்னு சொன்னவங்களுக்கு நாற்காலி போடாம இருக்கறது என்ன மரியாதை?"

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் அறுநூற்று ஐம்பது நாற்காலிகள் இருந்தன. ஆட்கள் ஒன்பது பேர். மேலாளர் மூன்றாவது வரிசையில் உட்காரப் போனவர், "இங்க யாராவது வர்றாங்களா?" என்று கேட்டுவிட்டு, அக்கா முறைத்ததில் எழுந்து பின்னால் போனார். பேச்செல்லாம் முடிந்து, நாற்காலிக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"யாரையும் காணோமேம்மா. எடுத்துரலாமா?"

"இருப்பா. ஒருத்தரு இன்னும் கண்ணாடியைத் தேடிட்டு இருக்காரு. நாப்பது செகண்டு கழிச்சு எடுத்துக்க."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நிஜமாகவே நின்றார்.

திங்கட்கிழமை பக்கத்து மேஜைக்காரி அலுவலகத்தில் அந்தக் கோப்பைத் திறந்தாள். மருத்துவமனை கேட்டிருந்தது அறுநூற்று ஐம்பது பேர். அறுநூற்று நாற்பத்தொன்று முதல் வரிசை எண்களை மட்டும் பட்டாளம் அடித்து வைத்திருந்தார். அந்தப் பத்துக் கட்டங்களிலும் பெயர் இல்லை.