பெரிய டாக்டரம்மா சொல்லிட்டாக

முனைவர் பட்டம் வாங்கிய பிறகும் பயிற்சிக்குப் போகிறேன் என்று நான் சொன்னதை அம்மா நம்பவில்லை. "டாக்டர்னு பட்டம் குடுத்தாச்சு. இன்னும் என்னடி பயிற்சி? வேலை கெடைக்கலங்கிறத எங்கிட்ட மறைக்கிறியா?" என்று கேட்டாள். அப்பா பள்ளி ஆசிரியர். அவரும் நம்பவில்லை, ஆனால் கேட்கவில்லை. தேவகோட்டைப் பக்கத்து எங்கள் கிராமத்தில் மனோதத்துவம் படித்த ஒரே ஆள் நான்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வந்தால், "ஊசி போடுவீகளா, மாட்டீகளா?" என்று யாராவது கேட்பார்கள். மாட்டேன் என்றால் அதோடு மரியாதை போய்விடும்.

தொண்ணூறுகளின் நடுவில் அது. காரைக்குடியை ஒட்டிய ஒரு கல்வி வளாகத்தில் மாணவர்களுக்கான மனநல ஆலோசனை மையம் ஒன்றை அப்போதுதான் தொடங்கியிருந்தார்கள். பட்டம் பெற்றவர்கள் அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வையில் மாணவர்களைச் சந்தித்துத் தொழில் பழக வேண்டும். அதுதான் பயிற்சி. எனக்கு மேற்பார்வையாளராக இருந்த மேடம் சென்னைக்காரர், என்னைவிட ஆறேழு வயதுதான் மூத்தவர். அதிகம் சிரிக்க மாட்டார். மாணவர்கள் சம்மதித்தால் அவர்கள் பேசுவதை டேப்ரிக்கார்டரில் பதிந்துகொள்வோம். அந்த கேசட்டுகளை அவர் தன் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொள்வார். அது சரியான நடைமுறைதான். ஆனாலும் அந்தச் சாவி எனக்கு உறுத்தியது.

எங்கள் அறையை மாணவர்கள் 'மென்ட்டல் ரூம்' என்றார்கள். உள்ளே வருகிறவர்கள் முதலில் வாசலில் நின்று, "லைப்ரரி இங்குட்டா மேடம்?" என்று கேட்பார்கள். லைப்ரரி எதிரில் பெரிய கட்டடமாக நிற்கும். "அங்குட்டு" என்று கையைக் காட்டுவேன். போகாமல் நிற்பார்கள். அப்புறம்தான் உட்காருவார்கள்.

அப்படி வந்தவள்தான் அந்தப் பெண். எம்.எஸ்.சி. முதலாண்டு. அவள் அப்பாவுக்கு ஆத்தங்குடியில் தரைக்கல் செய்கிற பட்டறை இருந்தது. டேப்ரிக்கார்டரை மேசையிலிருந்து எடுத்தால்தான் பேசுவேன் என்றாள். எடுத்துவிட்டேன். பயிற்சியில் இருப்பதால் என் மேற்பார்வையாளரிடம் மட்டும் கலந்து பேசுவேன், வேறு யாரிடமும் வாய் திறக்க மாட்டேன் என்று சொன்னேன். 

இரண்டு மூன்று தடவை வந்த பிறகு சொன்னாள். தாய்மாமன் மகனுக்கு அவளைக் கொடுப்பதாக வீட்டில் பேச்சு. அவளுக்கு விருப்பமில்லை, அதைச் சொல்லவும் துணிச்சலில்லை. சில வாரங்களாக வகுப்புக்கே போவதில்லை. எங்களிடம் வருகிற நாள் தவிர, காலையில் வீட்டிலிருந்து கிளம்பி, பஸ் மாறிக் கல்லல் போய், ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்புகிறாள்.

மேற்பார்வை நேரத்தில் இதைச் சொன்னேன். மேடம் கேட்ட முதல் கேள்வி: "அவ போறது ஸ்டேஷனுக்கா, ரயிலுக்கா?"

 நான் அதைக் கேட்கவே இல்லை. அன்றே அவளைத் தேடிப்பிடித்து, சுற்றி வளைக்காமல் கேட்டேன். அவள் கோபப்படவில்லை. "சாகணும்னு போகல மேடம். அங்க உக்காந்திருந்தா யாரும் என்னய ஒண்ணும் கேக்க மாட்டாக. அதுக்குத்தான் போறேன்," என்றாள். அப்படி ஒரு எண்ணம் வந்தால் உடனே எங்களில் ஒருவரிடம் வந்துவிட வேண்டும் என்று பேசிக்கொண்டோம்.

அடுத்த வாரம் அவள் உள்ளே வந்து உட்காரவே இல்லை. நின்றபடியே, "ஏன் சொன்னீக?" என்றாள்.

"யார்கிட்ட?"

"எங்க அப்பாகிட்ட. 'ஒங்க டாக்டரம்மா எல்லாத்தையும் சொல்லிட்டாக, இனிமே மறைக்காத'ன்னு கேட்டாக. நானும் கல்லல் போனது, கல்யாணம் வேண்டாங்கிறது எல்லாத்தையும் சொல்லி அழுதுட்டேன். நீங்க சொல்லலன்னா ஒங்க பெரிய மேடந்தான் சொல்லிருப்பாக. வேற யாருக்குத் தெரியும்?"

பதில் சொல்வதற்குள் போய்விட்டாள். நான் சொல்லவில்லை. அப்படியானால் மிச்சம் இருப்பது ஒரே ஆள்.

அன்றிலிருந்து மேடம் செய்கிற எதைப் பார்த்தாலும் எனக்கு வேறு அர்த்தம் தோன்றியது. போனில் பேசும்போது குரலைத் தாழ்த்தினால் யாரிடம் என்று காது போனது. அலுவலகப் பக்கம் போய்விட்டு வந்தால் எதற்கு என்று மனசு கணக்குப் போட்டது. அந்தச் சமயத்தில்தான் அவர் காரைக்குடியில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார். ஒரு சாயங்காலம் அந்த வழியாகப் போனபோது வாசலில் வைக்கோல் வைத்து அடுக்கிய தரைக்கற்கள் இறங்கியிருந்தன. சிவப்பும் பச்சையுமாகப் பூப்போட்ட ஆத்தங்குடிக் கற்கள். அந்தப் பெண்ணின் அப்பா என்ன தொழில் செய்கிறார் என்பது எனக்கு ஞாபகம் வந்தது. அதற்கு மேல் எனக்கு எந்தச் சாட்சியும் தேவைப்படவில்லை.

மேற்பார்வை நேரத்தில் பாதியை மட்டும் சொல்ல ஆரம்பித்தேன். மேடம் கவனித்துவிட்டார். "என்கிட்ட எதையோ மறைக்கிறீங்க," என்றார்.

"இல்ல மேடம்."

"சரி," என்று ஃபைலை மூடினார். அவரும் என்னைச் சந்தேகிக்கிறார் என்று தெரிந்தது.

சில நாள் கழித்து ஒரு காலையில் நான் தனியாக இருந்தேன். வெள்ளை வேட்டி சட்டையில் ஒருவர் வந்து, கேட்காமலே நாற்காலியில் உட்கார்ந்தார். விரலிடுக்குகளில் சிமென்ட் சாயம் ஏறியிருந்தது. அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லி, அவளுடைய அப்பா என்றார்.

"பெரிய டாக்டரம்மா எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாக. மிச்சத்த நீங்க சொல்லிருங்க. எதுவும் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

நான் நினைத்தது சரிதான் என்று ஒரு நிமிஷம் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. ஆனாலும் எதையும் சொல்ல முடியாது என்றேன். அவர் விடவில்லை. "அவுகளே சொல்லிட்டாக, ஒங்களுக்கு என்ன?"

அந்த நேரம் மேடம் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். அந்தப் பெண்ணின் அப்பா திரும்பிப் பார்த்து, "டீச்சரம்மா, கொஞ்சம் வெளிய இருக்கீகளா? இவுககூட ஒரு விசயம் பேசிக்கிட்டு இருக்கேன்," என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்த மனிதர் மேடத்தை அதற்கு முன் பார்த்ததே இல்லை.

"இவங்கதான் நீங்க சொன்ன பெரிய டாக்டரம்மா," என்றேன்.

அவர் எழுந்து நின்றுவிட்டார். முகம் வெளுத்தது. மேடத்துக்கு நான் நடந்ததைச் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து, "ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"பிள்ள வாயத் தொறக்கலம்மா. வீட்ல ஒரு வார்த்த பேசுறதில்ல. இந்த ரூமுக்குள்ள வந்துட்டுப் போறான்னு பஸ்ஸுல ஒருத்தர் சொன்னாரு. வெளியாளுகிட்டப் பேசுறவ எங்கிட்டப் பேசலயேன்னு இருந்துச்சு. ஒரு பொய்யப் போட்டுப் பாத்தேன். கல்லல் ஸ்டேஷன்னு அவ சொன்னதுலருந்து எனக்குத் தூக்கமே இல்ல. இன்னும் ஏதோ இருக்குன்னு தோணுது. தண்டவாளத்துல போயி..." முடிக்காமல் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அவள் எங்களிடம் பேசியது எதையும் மேடம் அவரிடம் சொல்லவில்லை. "உங்க பயத்தை அவகிட்டயே கேளுங்க. அதுக்கு முன்னாடி, யாரும் உங்ககிட்ட எதுவும் சொல்லல, நீங்கதான் பொய் சொன்னீங்கங்கிறதைச் சொல்லிடுங்க," என்றார்.

"மகள்கிட்டப் போயி பொய் சொன்னேன்னு எப்படிம்மா சொல்றது?" என்று கேட்டுக்கொண்டே போனார்.

அவர் போன பிறகு, தரைக்கல் வரைக்கும் எல்லாவற்றையும் மேடத்திடம் சொன்னேன். "காரைக்குடியில வீடு கட்டுறவங்க வேற எந்தக் கல்லைப் போடுவாங்க?" என்றார். குரலில் வருத்தம் இருந்தது. "என்கிட்ட நேராவே கேட்டிருக்கலாமே?"

"கேட்டு நீங்க இல்லைன்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பேனான்னு தெரியல மேடம்."

மேடம் ஒத்துக்கொண்டார். "அதுவும் சரிதான். நானும் நீங்கதான் வெளிய யார்கிட்டயோ சொல்லிட்டீங்கன்னு நெனச்சேன். அந்தப் பொண்ணு வராம நின்னதும் அப்படித்தான் தோணுச்சு."

அவள் மறுவாரம் வந்தாள். நாற்காலியைக் கதவோரம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அப்பா சொல்லிட்டாக," என்றாள். "சாப்புட்டுக்கிட்டு இருக்கும்போது, என் முகத்தப் பாக்காமலே சொன்னாக. கல்யாணத்தப் பத்திப் படிப்பு முடிஞ்சதும் பேசிக்கலாம்னாக." பிறகு, "நெசமாவே நீங்க சொல்லலதானே?" என்று இன்னொரு தடவை கேட்டாள்.

வகுப்புக்குப் போக ஆரம்பித்தாள். படிப்பை முடித்து ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள். மாமன் மகனுக்கு வேறு இடத்தில் பெண் எடுத்தார்கள். எனக்கும் பயிற்சி முடிந்து அதே மையத்தில் வேலை கிடைத்தது. கதவில் என் பெயர்ப் பலகை மாட்டியதைப் பார்த்த பிறகுதான் அம்மா நம்பினாள்.

அவள் படிப்பை முடித்துப் போன அடுத்த கல்வியாண்டு தொடங்கிய சமயம், புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். லைப்ரரியைப் பற்றி அவள் கேட்கவில்லை. ஆத்தங்குடிப் பெண்ணின் பெயரைச் சொல்லி, அவளுடைய சித்தி மகள் என்றாள்.

"அக்காதான் ஒங்களப் போயிப் பாக்கச் சொன்னாக. ஆனா மொத நாளே எல்லாத்தையும் சொல்லிறாத, ஆளப் பாத்துப் பேசுன்னும் சொல்லிவிட்டாக."

"அக்கா சரியாத்தான் சொல்லியிருக்காங்க," என்றேன். "உள்ள வந்து உக்காரும்மா. இன்னைக்கு எது சொல்லலாம்னு தோணுதோ அத மட்டும் சொல்லு."