அறுபதாவது ஆள்

என் அக்காவின் கணவரை ஸ்கேன் சென்டரில் எல்லோரும் ‘அசையாத சார்’ என்றுதான் சொல்வார்கள். அங்கே டெக்னீஷியனான அவர், இயந்திரத்துக்குள் படுத்திருப்பவர்களிடம் மைக்கில் ஒரு நாளைக்கு நூறு தடவை “அசையாதீங்க” என்பார். எனக்கு அவர் மாமா. ஆனாலும் முப்பது வருடமாக அவர்மேல் எனக்குக் கோபம். குழந்தை இல்லை என்று அக்காவை ஊசியும் மாத்திரையுமாக அலையவிட்டவர், தனக்கு ஒரே ஒரு சோதனை செய்துகொள்ள மாட்டேன் என்றுவிட்டார். “எங்க வம்சத்துல அந்தக் கொறையெல்லாம் கிடையாது” என்று அவருடைய தமக்கை ஒரு போடு போட்டாள். அதோடு பேச்சு முடிந்தது. அந்த நாத்தனார் இன்றைக்கும் நாலு பேர் நடுவில் என் அக்காவைப் பார்த்து உச்சுக்கொட்டுவாள்.

போன வருடம் சென்டருக்கு ஓர் ஆராய்ச்சி வந்தது. வயதாக ஆக ஆண்களின் விரையில் என்ன மாறுகிறது என்று பார்க்க, இருபதிலிருந்து எழுபது வயதுவரை அறுபது பேர் தேவை. கத்தி, ஊசி எதுவும் கிடையாது. உள்ளே என்னென்ன வேதிப்பொருள் இருக்கிறது என்று காந்த இயந்திரமே மேடும் பள்ளமுமாகக் கோடு வரைந்து காட்டிவிடும். அதில் கோலின் என்ற பொருளின் மேடுதான் முக்கியம். விந்தணு உற்பத்தியாகும் இடத்தில் அது நன்றாக எழும்பும். வயதோடு கொஞ்சம் தணியும்.

ஆள் பிடிக்கும் வேலை மாமா தலையில் விழுந்தது. நெளிந்தவர்களிடம், “இதுல வெட்கப்பட என்ன இருக்கு? மூக்கு மாதிரி அதுவும் ஒரு உறுப்பு” என்று பேசிப் பேசியே ஐம்பத்தொன்பது பேரைப் படுக்கவைத்தார். துண்டை மடித்துத் தொடைகளுக்கு நடுவில் தாங்கல் கொடுப்பதும் அவரேதான். இதையெல்லாம் அக்காவிடமே பெருமையாகச் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அறுபதாவது ஆள் கடைசி நேரத்தில் கம்பி நீட்டிவிட்டார். வேறு வழியில்லாமல் மாமாவே படுத்தார்.

கூட வேலை பார்க்கும் டெக்னீஷியன் எடுத்த கோட்டில் கோலின் மேட்டைக் காணோம். “அளக்குற கட்டத்த இடம் மாத்தி வச்சிருப்ப, மறுபடி எடு” என்றார் மாமா. மூன்று தடவை எடுத்தார்கள். பிறகு மாமா இயந்திரத்தைச் சந்தேகப்பட்டு எழுந்து வந்து, தினமும் காலையில் சோதனைக்கு வைக்கும் திரவ பாட்டிலை வைத்து ஓட்டினார். பாட்டிலின் மேடுகள் அதனதன் இடத்தில் ஒழுங்காக வந்தன.

“இது வயசால வர்ற குறைச்சல் மாதிரி தெரியல” என்றார் ஆராய்ச்சி நடத்திய டாக்டர். முப்பது வருடம் தள்ளிப்போட்ட சோதனையை மாமா அந்த வாரமே செய்துகொண்டார். விந்தணு ஒன்றுகூட இல்லை; கூடவே செய்த மரபணுச் சோதனையில், பிறப்பிலிருந்தே அப்படித்தான் என்று முடிவு வந்தது.

அந்தக் காகிதத்தோடு அவர் வீட்டுக்கு வந்தபோது நானும் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

“கொறை உன்கிட்ட இல்ல. என்கிட்டதான்” என்றார் அக்காவிடம்.

“எனக்குத் தெரியும்ங்க. என் ரிப்போர்ட் எல்லாமே நல்லாத்தானே வந்துச்சு” என்றாள் அக்கா. “இத உங்க அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்லுங்க.”

“நேர்ல போறப்ப பக்குவமா சொல்றேனே.”

“இதுல வெட்கப்பட என்ன இருக்கு?” என்று கேட்டாள். “ஸ்பீக்கர்ல போடுங்க.”

மாமா போட்டார். ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். அக்கா டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். இத்தனை வருடத்தில் அவள் அழுது நான் கேட்டது அன்றைக்குத்தான்.