சிங்கமலைச் சுரங்கத்தில் என் மடியில் இருந்த பிள்ளை

பேய் பிசாசை நான் நம்புகிறவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் இந்த விஷயத்தைச் சொன்ன ஒன்றிரண்டு பேரும் கேட்டு முடிப்பதற்குள் என் முகத்தை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். தோட்டத்தில் யாராவது மோகினி மறித்தது, முனி அடித்தது என்று ஆரம்பித்தால் நான் எழுந்து போய் அடுப்பைப் பார்க்கிறவள். பயந்து அல்ல, வேலை கிடக்கிறதே என்றுதான். பொதுவாகவே நான் அதிகம் பேசுவதில்லை, நாலு பேர் கூடிய இடத்தில் என் குரலைக் கேட்க எனக்கே கூச்சமாக இருக்கும். அதனால் எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவில் எனக்கு வேலை. அம்மாமார் கொழுந்து எடுக்க மலைக்குப் போனதும் அவர்களுடைய குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்நேரமும் மடியில் ஒன்று, தோளில் ஒன்று. கண்ணைக் கட்டிவிட்டு ஒரு பிள்ளையை என் மடியில் வைத்தாலும் அது யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை, பழகிப்போனது. எனக்குச் சொந்தமாகப் பிள்ளை இல்லை.

என் தங்கை வசந்தி வீட்டு வேலைக்குக் குவைத் போனபோது அவள் மகள் சாதனாவை என்னிடம் விட்டுப் போனாள். புருஷன் இல்லாதவள், வேறு யாரிடம் விடுவாள். அப்போது சாதனாவுக்கு ஆறு வயது, வாயாடி. அம்மா வேனில் ஏறிப் போன அன்றைக்கு அவள் அழக்கூட இல்லை. மறுநாளிலிருந்து பேச்சை நிறுத்திவிட்டாள். சாப்பிடுவாள், பள்ளிக்கூடம் போவாள், எழுதச் சொன்னால் எழுதுவாள், வாயிலிருந்து மட்டும் ஒரு சத்தம் வராது. ஆஸ்பத்திரியில் காதையும் தொண்டையையும் பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை, தானாகப் பேசுவாள் என்றார்கள். கோயிலுக்கும் நேர்ந்துகொண்டோம். ஒன்றும் நடக்கவில்லை.

வெள்ளிக்கிழமைதான் வசந்திக்கு லீவு. போன் எடுப்பாள். "சாமி, அம்மான்னு ஒரு வார்த்தை சொல்லு சாமி, அம்மா கேட்டுட்டு வச்சிர்றேன்" என்று கெஞ்சுவாள். சாதனா போனைக் காதில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்ப்பாள். அங்கே அவள் அழுவது இங்கே எனக்குக் கேட்கும். இரண்டு வருடம் இப்படியே போனது. அந்த ஒரு வார்த்தைக்காக நான் எதைக் கேட்டாலும் கொடுத்திருப்பேன்.

சித்திரை சீசனுக்கு நுவரெலியா கூட்டிப் போனால் பிள்ளைக்கு மனசு மாறும் என்று என் வீட்டுக்காரர்தான் சொன்னார். அவர் தேயிலை ஃபெக்டரியில் வேலை, எதையும் சிரித்தே கடத்திவிடுகிற மனுஷர். ஹட்டனில் ரயில் ஏறினோம். ஏறிய கொஞ்ச நேரத்தில் சிங்கமலைச் சுரங்கம் வரும். எங்கள் பக்கத்து ரயிலில் போனவர்களுக்குத் தெரியும், சுரங்கத்துக்குள் நுழைந்ததும் பெட்டியில் இருக்கிற எல்லோரும் ஊ என்று கத்துவார்கள். சிறுசு, பெருசு, வெள்ளைக்காரர்கள் உட்பட. நான் மட்டும் வாயைத் திறந்ததே இல்லை. போகும்போதும் அப்படித்தான், எல்லோரும் கத்தினார்கள், நானும் சாதனாவும் சும்மா இருந்தோம்.

"பெரியம்மாவும் மகளும் சேந்து ரயிலுக்கே மரியாதை குடுக்காம வர்றீங்க" என்று அவர் கிண்டல் பண்ணினார்.

நுவரெலியாவில் பூங்காவுக்குப் போனோம், பூ பார்த்தோம், ஸ்ட்ரோபெரி வாங்கித் தின்றோம், வாவியில் அன்னப் படகில் காலால் மிதித்துச் சுற்றினோம். அவள் முகம் மலர்ந்துதான் இருந்தது. குதிரையில் ஏற்றும்போது குதிரைக்காரர், "பேரச் சொன்னாத்தான் பாப்பா குதிர நடக்கும்" என்றார். அவள் அவரையே பார்த்தாள். குதிரையும் நின்றது, அவரும் நின்றார்.

"மௌன விரதம் அண்ணே, நீங்க ஓட்டுங்க" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். சிரித்துவிட்டுத் திரும்பி நின்று கண்ணைத் துடைத்தார். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

திரும்பும்போது நானுஓயா ஸ்டேஷனில் ரயில் பிதுங்கி வழிந்தது. எப்படியோ எனக்கு ஒரு சீட் கிடைத்தது, சாதனாவை மடியில் வைத்துக்கொண்டேன். அவர் கதவுப் பக்கம் பொடியன்களோடு நின்றார், அவர்கள் மேளம் தட்டிப் பாடிக்கொண்டு வந்தார்கள். எனக்கு எதிரே ஜன்னலோரமாக ஒரு சிங்கள அம்மா, நல்ல மனுஷி, சாதனாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார். மழை தூறியதால் ஜன்னல்களை இறக்கியிருந்தார்கள். பெட்டியில் லைட் எரியவில்லை. வெளியே இன்னும் நல்ல வெளிச்சம், பொழுது சாயக்கூட இல்லை.

கொட்டகலை தாண்டியதும் சுரங்கம் வந்தது. வழக்கம்போல ஊ என்று பெட்டியே அதிர்ந்தது. என் கை தெரியாத இருட்டு. நான் சாதனாவைச் சுற்றி இரண்டு கையையும் போட்டுக்கொண்டேன்.

மற்ற சுரங்கங்கள் கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடும், இது நீளம். கத்திக் கத்தி மூச்சு வாங்கி ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். கடைசியில் எல்லோரும் நிறுத்திய பிறகு என் நெஞ்சோடு ஒட்டி, என் தாடைக்குக் கீழே, ஒரு சின்னக் குரல் ஊ என்றது. மெல்லிசான, நீட்டமான குரல். என் நெஞ்செலும்பில் அந்த அதிர்வை உணர்ந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், பிள்ளை வாயைத் திறந்துவிட்டாள் என்று எனக்கு உயிரே போய் வந்தது. "கத்து சாமி, நல்லா கத்து" என்று சொல்லி இறுக்கிக் கட்டிக்கொண்டு உச்சந்தலையில் முத்தம் கொடுத்தேன். முடி ஈரமாக, பனியில் கிடந்த துணி மாதிரி குளிர்ந்தது. என் மடிக்கு அந்தப் பாரம் பழக்கமில்லாத பாரமாகவும் இருந்தது. இருந்த சந்தோஷத்தில் அதையெல்லாம் யார் யோசித்தார்கள். நானும் அவளோடு சேர்ந்து ஊ என்று கத்தினேன். என் வாழ்க்கையில் முதல் தடவை.

வெளிச்சம் வந்தபோது என் இரண்டு கையும் வெறுமனே வளைந்திருந்தது. மடியில் யாரும் இல்லை.

சாதனா எதிரே அந்தச் சிங்கள அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, முகத்தை அவர் சேலைக்குள் புதைத்திருந்தாள். "அனே, பய வெலா", ஐயோ பயந்துவிட்டாள், என்று அந்த அம்மா அவள் முதுகைத் தடவினார். இருட்டான உடனேயே ஓடிவந்து தன்னைக் கட்டிக்கொண்டாள் என்று எனக்குச் சிங்களத்தில் சொன்னார். உடனேயேவா என்று கேட்டேன். ஆமாம், சுரங்கம் முழுக்க என்னிடம்தான் இருந்தாள், பாவம், நடுங்கினாள் என்றார்.

என் சேலை மடியில் வட்டமாக ஈரம் இருந்தது.

நான் அந்த ஈரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கையில் சாதனா தலையை நிமிர்த்தினாள். என்னைப் பார்த்து, "பெரியம்மா, ஹட்டன் வந்திருச்சா?" என்று கேட்டாள்.

அதற்கப்புறம் நடந்ததை நான் சொல்லவே வேண்டாம். என் வீட்டுக்காரர் பொடியன்களின் மேளத்தைப் பிடுங்கித் தட்டினார். தெரியாத சனமெல்லாம் பிள்ளையைத் தொட்டுப் பார்த்தது. ஸ்டேஷனிலிருந்து வீடு வரைக்கும் அவள் வாய் ஓயவில்லை, குதிரை ஏன் நின்றது, அன்னத்துக்கு ஏன் கண் சிவப்பு என்று. நானும் அழுது அழுது சிரித்தேன். இரவு விளக்கை அணைத்த பிறகுதான் அவரிடம் மடி விஷயத்தைச் சொன்னேன்.

"ஜன்னல் ஒழுகியிருக்கும், ஒனக்கு மடியில புள்ள இருக்கிற மாதிரியே பழகிப்போச்சு" என்றார். "பயப்படுறதுக்குச் சம்பளம் குடுத்தா இந்தத் தோட்டத்துலயே நீதான் பணக்காரி. புள்ள பேசுதா இல்லையா? பேசுதுல்ல. பேசாம படு."

நானும் அப்படியே நினைத்துக்கொள்ளப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை வந்தது. வசந்திக்கு முன்கூட்டியே சொல்லவில்லை, அவளே கேட்கட்டும் என்று வைத்திருந்தோம். போன் அடித்ததும் சாதனாவிடம் கொடுத்தேன். "அம்மா, நல்லா இருக்கியா? எப்பம்மா வருவ?" என்று பிள்ளை அழகாகக் கேட்டது.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்துப் போனை வாங்கிக் காதில் வைத்தேன்.

"அக்கா, யாருக்கா அது?" என்றாள் வசந்தி.

"சாதனாடி. பேசிட்டாடி."

"வெளையாடாதக்கா. பக்கத்து வீட்டுப் புள்ளய பேச வச்சு என்னைய ஏமாத்துறியா? எம்புள்ளைக்கு எங்க அப்பா தொண்ட, கரகரன்னு இருக்கும். எனக்குத் தெரியாதா?"

அவள் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. மெல்லிசான, நீட்டமான குரல். அதை நான் எங்கே கேட்டேன் என்று எனக்குத் தெரியும். வளர்கிற பிள்ளைக்குக் குரல் மாறும் என்று நீங்கள் சொல்லலாம், நானும் எனக்கு அதையேதான் சொல்லிக்கொள்கிறேன்.

"சளி புடிச்சிருக்குடி" என்று வசந்தியிடம் சொன்னேன். வேறென்ன சொல்ல. அவள் நம்பினாள், நம்ப ஆசைப்பட்டாள். அதற்குப் பிறகு வாராவாரம் பிள்ளையோடு பேசிச் சிரிப்பாள், கடைசியில் என்னிடம், "சளி இன்னும் விடலையாக்கா?" என்பாள். இன்னும் இல்லை என்பேன்.

போன வெள்ளிக்கிழமை அவள் அதைக் கேட்கவில்லை. "டிக்கெட் போட்டாச்சுக்கா. இனி நானே வந்து பாத்துக்கிறேன்" என்றாள். எவ்வளவு சந்தோஷமான செய்தி. போனை வைத்துவிட்டுத் திரும்பினேன், சாதனா பின்னால் நின்றாள். என் சேலையைப் பிடித்துக்கொண்டு, அந்தக் குரலில், மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா வந்துட்டா நான் எங்க பெரியம்மா போறது?"

அம்மாவோடு எந்த வீட்டில் இருப்பது என்று கேட்கிறாள், அவ்வளவுதான் என்கிறார் என் வீட்டுக்காரர். அப்படித்தான் இருக்கும். ஆனால் நான் அவளுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. தினமும் படுக்கும்போது அவள் அதைத் திரும்பக் கேட்கிறாள்.