ஒரு வரி மட்டும் தெரியும் அட்டை

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். திருப்பூர், மூணாறு, கொச்சி என்று சுற்றிவிட்டு, போன வருடம் சுருளிப்பட்டியில் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். பக்கத்துத் திராட்சைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. நான்காம் வகுப்பு படிக்கும் அக்கா மகளை மாலையில் படிக்க வைப்பது என் பொறுப்பாயிற்று.

கடகடவென்று படிப்பாள். ஒருநாள் மழையைப் பற்றிய பாடத்தை ராகம் போட்டு வாசித்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தால், விரித்திருந்த பக்கத்தில் யானைப் படம்.

“ஏ கழுத, யானைக்குள்ள எங்கிட்டு மழை பெய்யுது?”

சிரித்தாள், பிறகு அழுதாள். மற்ற பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்டே எல்லாப் பாடத்தையும் மனப்பாடம் செய்திருக்கிறாள்.

“டீச்சரும் கண்டுபிடிச்சிட்டாக மாமா. வெள்ளிக்கிழம அம்மாவக் கூட்டியாரச் சொன்னாக. புதுப் பாடம் வாசிக்கணுமாம். வாசிக்காட்டி மூணாவதுல தம்பியோட உக்கார வச்சிருவாக. நான் பள்ளிக்கொடத்துக்கே போகல.”

“போகாட்டி என்கூட ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு ஜீப் ஏறு” என்றாள் அக்கா. கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் அன்று அவள் சாப்பிடவில்லை.

சோப்பு உறையை நீட்டினேன். அதிலிருந்த பெரிய எழுத்தைச் சரியாகப் படித்தாள்.

“எழுத்து தெரியுதுல்ல ஆத்தா?”

“ஒன்னு ரெண்டுன்னா தெரியும். பொஸ்தகத்துல எல்லாம் ஒன்னு மேல ஒன்னு ஏறி நிக்குது.”

மறுநாள் தோட்டத்தில் கொத்து கழித்துக்கொண்டிருந்தேன். கொத்தில் காய்கள் நெருக்கிக்கொண்டு நின்றால் எதுவும் பெருக்காது. இடையிடையே கத்தரித்து எடுத்துவிட்டால்தான் மிச்சம் திரளும். பந்தலை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்த நேரத்தில் அவள் சொன்னது நினைவுக்கு வந்தது. பழப்பெட்டியிலிருந்து ஒரு துண்டு அட்டை வெட்டி, ஒரு வரி மட்டும் தெரிகிற அளவுக்கு நடுவில் நீளமாகத் திறப்பு போட்டேன்.

மாலையில் அவளுக்குக் கொத்து கழிப்பதைச் சொல்லிவிட்டு அட்டையைப் பக்கத்தின்மேல் வைத்தேன். மேலும் கீழும் மறைந்து, ஒரு வரி தனியாக நின்றது. அவளே எழுத்துக் கூட்டினாள். முடித்ததும் அவளே அட்டையைக் கீழே தள்ளினாள். இரண்டாம் நாள் ஒரு வார்த்தை பிடிபடாமல் அட்டையை வீசி எறிந்தாள். நானும் கோபத்தில் பீடி பற்றவைக்க வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது அட்டையைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை அக்கா வேலைக்குப் போகவில்லை. நானும் கூடப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். டீச்சர் புதுப் பாடத்தைக் கொடுத்ததும் இவள் பையிலிருந்து அட்டையை எடுத்தாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

“இதென்னது?”

“கொத்து கழிக்கிற அட்டை டீச்சர்.”

டீச்சர் அதைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் பாதித் திராட்சைப் படம் இருந்தது. “சரி, வச்சே வாசி.”

வாசித்தாள். தடுக்கினாள், நின்றாள், மறுபடி வாசித்தாள். அவள் நின்று நின்று போனதிலேயே மனப்பாடம் இல்லை என்று தெரிந்தது. அக்கா என் கையை விடவேயில்லை.

பாதிப் பக்கத்தில் டீச்சர் நிறுத்தினார். “போதும்மா, உன் இடத்துல போய் உக்காரு. திங்கக்கிழமையும் அட்டையக் கொண்டா.”

வெளியே வேப்பமரத்தடியில் அக்கா மூக்கைச் சிந்திவிட்டு, பசிக்கிறது என்றாள். கடையில் வடையும் டீயும் வாங்கிக் கொடுத்தேன்.

“ஏலே, மறுபடி ஊரு சுத்த எப்பக் கிளம்புற?”

“அறுப்பு முடியட்டும்க்கா.”

“அதுக்குள்ள இன்னும் நாலு அட்டை வெட்டிப் போட்டுரு. இவ தொலச்சிட்டு நிப்பா” என்று இன்னொரு வடை எடுத்தாள்.