இருபத்தொண்ணு ஆகாத புருஷன்

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காப்பி கொடுப்பதற்கு முன்னாடியே அம்மா கேட்டுவிட்டாள், "பையனுக்குக் குடிப்பழக்கம் இருக்குதா?" என்று. நைனாவுக்கு முகம் சுண்டிப்போனது. பையனுடைய அம்மா, அதாவது பிற்பாடு என் மாமியார் ஆனவர், முந்தானையை உதறிக்கொண்டு, "இன்னாங்க இப்படிக் கேட்டுட்டீங்க? மதுவிலக்கு இருக்கிற ஊர்ல ஏதுங்க குடி?" என்றார்.

அம்மா விடுவாளா? "பாண்டிச்சேரி இன்னா ரங்கூன்லயா இருக்குது? செஞ்சியில பஸ் ஏறினா பொழுது சாயறதுக்குள்ள போய்ட்டு வந்துடலாம்" என்றாள்.

அம்மாவுக்கு அது பட்டுத் தெரிந்த பாடம். என் அக்கா புருஷனுக்குச் செஞ்சி கடைத்தெருவில் பாத்திர வியாபாரம். தங்கமான மனுஷன் என்று சொல்லித்தான் அக்காவைக் கொடுத்தோம். சனிக்கிழமையானால் சரக்கு எடுக்கப் பாண்டிச்சேரி போவார். சரக்கு எடுத்தாரோ இல்லையோ, வயிற்றுக்குள் ஊற்றிக்கொண்டு வருவார். எங்கள் பக்கம் மதுவிலக்கு, அந்தப் பக்கம் திறந்த கடை. ஒரு தடவை எல்லையில் போலீஸ் பிடித்து, நைனா போய்க் கையைக் காலைப் பிடித்துக் கூட்டிவந்தார். கடைசியில் அக்கா ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். யார் என்ன சொன்னாலும் திரும்பிப் போகவில்லை. அறுபதுகளின் ஆரம்பத்தில், செஞ்சி மாதிரி ஊரில், புருஷனை விட்டு வந்தவள் தண்ணீர்க் குழாயடியில் நின்றாலே பேச்சு நின்றுபோகும். அதையெல்லாம் தினம் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். எனக்கு வரப்போகிறவன் கறுப்போ சிவப்போ, குடிக்காதவனாக இருந்தால் போதும் என்றுதான் வேண்டிக்கொண்டேன்.

பையன் குடிக்கவில்லை. நைனா நாலு பேரிடம் விசாரித்தார், எல்லாரும் அதையே சொன்னார்கள். கல்யாணமும் ஆயிற்று. ஆன கையோடு அவருக்குப் பினாங்கில் வேலை கிடைத்தது. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் அங்கே மளிகைக்கடை வைத்திருந்தார். ஊருக்கு வந்திருந்த அவர், கணக்கு எழுத நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று இவரைப் பிடித்துக்கொண்டார். "பொண்டாட்டியையும் இட்டுக்கினு வா. தனியா வந்த பசங்க அங்க உருப்பட மாட்டானுங்க" என்று எனக்கும் சேர்த்து அவரே டிக்கெட் எடுத்தார். சும்மா சொல்லக் கூடாது, பெரிய மனசு. இவர் அவரை முதலாளி, முதலாளி என்றுதான் கூப்பிடுவார். அவர் நில் என்றால் நிற்பார், உட்கார் என்றால் உட்காருவார்.

பாஸ்போர்ட் எடுக்கும்போது ஒரு கூத்து நடந்தது. ஜாதகப்படி இவருக்கு இருபத்திரண்டு வயது. பள்ளிக்கூடச் சர்ட்டிபிகேட்டில் பார்த்தால் பத்தொன்பது! அம்மா அரண்டுபோய், "என் பொண்ணுக்கே பதினெட்டு ஆவுது, அவளுக்கு ஒரு வயசு மூத்த பையனையா கட்டிவெச்சோம்?" என்று மாமியாரிடம் சண்டைக்கே போய்விட்டாள்.

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. அந்தக் காலத்தில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனால் பிறந்த தேதியை யார் கேட்டார்கள்? வாத்தியார், "கையைத் தலைக்கு மேல போட்டு அந்தப் பக்கத்துக் காதைத் தொடு" என்பார். தொட்டால் ஐந்து வயது, தொடாவிட்டால் போய் அடுத்த வருஷம் வா. இவருக்குச் சின்னதில் குட்டைக் கை. மாமியார் வருஷா வருஷம் கூட்டிக்கொண்டு போவதும், விரல் காதுக்கு எட்டாமல் திரும்பி வருவதுமாக இருந்திருக்கிறது. எட்டு வயதில்தான் ஒருவழியாகக் காது கைக்குக் கிடைத்தது. வாத்தியார் ஐந்து வயது என்று எழுதி, எல்லாப் பிள்ளைகளுக்கும் போடுகிற மாதிரி ஜூன் ஒன்றாம் தேதி என்று போட்டுவிட்டார். பள்ளிக்கூடத்தில் என்ன வயதோ அதுதான் பாஸ்போர்ட்டிலும். "வயசு கொறைஞ்சா நல்லதுதானே, இன்னும் மூணு வருஷம் கூடுதலா உழைக்கலாம்" என்று முதலாளி சிரித்தார்.

புறப்படுகிற அன்று செஞ்சி பஸ் ஸ்டாண்டில் சொந்தபந்தம் அத்தனையும் கூடிவிட்டது. மூட்டைகளைப் பஸ் மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா மட்டும் என்னைப் புளியமரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை.

"இந்த ஊர்ல குடிக்காதவன்லாம் நல்லவன்னு நெனச்சிக்காதே. கெடைக்காததால குடிக்காதவன்தான் பாதிப்பேரு. உம் புருஷன் எந்த ரகம்னு இதுவரைக்கும் யாருக்கும் தெரியாது. கப்பல் கரையத் தாண்டிட்டா மதுவிலக்குக் கெடையாதாம், உள்ளாறயே கடை இருக்குதாம். அங்க தெரிஞ்சிடும்" என்றாள். பிறகு என் தாலிக்கயிற்றை ஜாக்கெட்டுக்குள் தள்ளிவிட்டு, "போ, பஸ்ஸு கெளம்புது" என்று முதுகில் கை வைத்தாள்.

போகிறபோது சொல்கிற பேச்சா இது! எனக்கு அவள் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. ஆனால் பஸ் மலைக்கோட்டையைச் சுற்றித் திரும்பும்போதே அந்தப் பேச்சு எனக்குள் வேர்விட்டுவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்து உரித்து என் மடியில் போட்டுக்கொண்டிருந்த மனுஷனைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். இவர் எந்த ரகம்? குடிக்கிறவராக இருந்தால் நான் என்ன செய்வேன்? அக்காவுக்காவது பஸ் இருந்தது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். நான் பினாங்கிலிருந்து எந்தப் பஸ்ஸைப் பிடித்து வருவேன்?

மெட்ராஸில் முதலாளியோடு கப்பல் ஏறினோம். முதல் நாள் பூராவும் எனக்கு வாந்தி. இவர்தான் எலுமிச்சம்பழத்தை வெட்டி மூக்கில் வைத்து, தலையைப் பிடித்து, வாயைத் துடைத்துவிட்டார். இவ்வளவு நல்லவரைச் சந்தேகப்படுகிறோமே என்று எனக்கே வெட்கமாக இருந்தது. மறுநாள் சாயங்காலம் தலை கொஞ்சம் நிமிர்ந்து, மேல்தளத்தில் இவர் பக்கத்தில் காற்று வாங்க உட்கார்ந்திருந்தேன். முதலாளி புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

"இன்னாடா தம்பி, கரை கண்ணுல இருந்து மறைஞ்சாச்சு. இனிமே மெட்ராஸ் சட்டம் நம்மள ஒண்ணும் பண்ணாது. வா, இன்னிக்கு எங் கையால உனக்கு ஒரு கிளாஸு" என்று இவர் தோளில் கை போட்டார். இவர் என்னை ஒரு தடவை பார்த்தார். வேண்டாம் என்று சொல்லுவார், சொல்லுவார் என்று நானும் பார்த்தேன். "சரிங்க முதலாளி" என்று எழுந்து பின்னாலேயே போய்விட்டார்.

அக்கா சொன்னது சரியாய்ப் போச்சே, கரை மறைந்து இரண்டு நாள்கூடத் தாங்கவில்லையே என்று கண்ணில் தண்ணீர் முட்டியது. போய்க் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரலாமா என்று எழுந்தேன். புதுப்பெண், அத்தனை ஆம்பிளைகள் நடுவில் எப்படிப் போவது என்று உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன். அதற்குள் இவரே வேகவேகமாகத் திரும்பி வந்தார்.

"கொஞ்சம் வா மே. உன்னை ஒண்ணு கேக்கணுமாம்."

உள்ளே போனால், உயரமான பலகைக்குப் பின்னால் வெள்ளை உடுப்புப் போட்ட சிப்பந்தி ஒருவர் நின்றிருந்தார். நாகப்பட்டினத்துக்காரர், நம்ம தமிழ்தான். அவர் கையில் இவருடைய பாஸ்போர்ட். முதலாளி முகம் சிவந்து நின்றிருந்தார்.

"இருபத்தொரு வயசு ஆகாதவங்களுக்கு ஊத்தக் கூடாதுன்னு கப்பல்ல ரூல் இருக்குதுங்க. இவருக்குப் பத்தொம்போதுதான் போட்டிருக்கு" என்றார் சிப்பந்தி.

"யோவ், கல்யாணம் ஆனவன்யா அவன்! இதோ பாரு பொண்டாட்டி. குடும்பம் நடத்தலாம், ஒரு கிளாஸு குடிக்கக் கூடாதா? எந்த ஊரு நாயம்யா இது?" என்று முதலாளி குதித்தார்.

"கல்யாணத்துக்கு ரூல் வேறங்க, இதுக்கு ரூல் வேற. பொண்டாட்டி இல்லாட்டியும் இருபத்தொண்ணு ஆகியிருந்தா ஊத்துவேன். நாலு புள்ள பெத்திருந்தாலும் பத்தொம்போதுன்னா ஊத்த மாட்டேன்."

"அது பள்ளிக்கூடத்து வயசுய்யா! காதைத் தொடவெச்சுப் போட்டது. எங்க பக்கத்துல பாதிப்பேரு ஜூன் ஒண்ணுலதான் பொறந்திருப்பான். நெசமா அவனுக்கு இருபத்திரண்டு. வேணும்னா அந்தப் பொண்ணையே கேளு. ஜாதகம் பாத்துத்தானே கட்டிக்கிச்சு?"

சிப்பந்தி தலையைச் சொறிந்தார். அவருக்கும் இந்தக் காது விவகாரம் தெரிந்திருக்க வேண்டும். என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்கம்மா. இருபத்திரண்டுதான்னு நீங்க சொன்னா, மேல இருக்கிற துரைகிட்டக் கேட்டுப் பாக்கறேன்" என்றார்.

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். ஜாதகத்தை எங்கள் வீட்டுக் கூடத்தில் விரித்து வைத்து ஜோசியர் வயது சொன்னதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டவள் நான். முதலாளி பேச்சை மீறினால் போய் இறங்குகிற இடத்தில் சோறு யார் போடுவார்கள் என்பதும் தெரியும். இவரோ தலையைக் குனிந்துகொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எங்கிருந்துதான் அந்தத் துணிச்சல் வந்ததோ!

"சர்க்காரு போட்ட வயசுக்கு மேல நான் இன்னாங்க சொல்றது? அதுல இன்னா இருக்குதோ அதான்" என்றேன்.

சிப்பந்தி பாஸ்போர்ட்டை மூடி இவர் கையில் கொடுத்துவிட்டார். முதலாளி என்னை முறைத்தார். முறைத்தவர், திடீரென்று வயிறு குலுங்கச் சிரித்தார். "சரியான கைகாரிடா இவ! போடா பச்சப் புள்ள, போய் ஆர்லிக்ஸ் குடி" என்று இவர் முதுகில் ஓர் அறை வைத்துவிட்டு, தன் கிளாஸை எடுத்துக்கொண்டு ஒரு மூலையில் போய் உட்கார்ந்தார். கோபித்துக்கொள்ளவில்லை. அப்பாடா என்று இருந்தது எனக்கு.

வெளியே வந்ததும் அந்த அப்பாடா போய்விட்டது. இன்றைக்குக் காகிதம் காப்பாற்றியது, காகிதத்தில் இருபத்தொண்ணு ஆகிற அன்றைக்கு யார் காப்பாற்றுவார்கள்? கோபம் தலைக்கேறிவிட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தபடியே, "குடிக்கணும்னா போய்க் குடிக்க வேண்டியதுதானே. அதுக்கு நான் வந்து வயசு சொல்லணுமா? கட்டினவளையே கூட்டிட்டுப் போய் நிறுத்தினீங்களே, வெக்கமா இல்ல?" என்று கேட்டுவிட்டேன். கல்யாணமாகி அவரை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"முதலாளிகிட்ட வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. அந்த ஆளு முடியாதுன்னதும், தப்பிச்சோம்டா சாமின்னு நெனச்சேன். அதுக்குள்ள முதலாளி உன்னக் கூப்ட்டு வரச் சொல்லிட்டாரு. நீ எப்படியும் தடுத்துடுவேன்னு ஓடியாந்தேன்" என்றார்.

எனக்குப் பாதி ஆறிவிட்டது. மீதிப் பாதி ஆறவில்லை.

"நான் இருபத்திரண்டுன்னு சொல்லியிருந்தா?"

அவர் ஒரு பொய் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சத்தியமா குடிச்சிருக்க மாட்டேன் என்றால் நானும் நம்பியிருப்பேன். என் அக்கா புருஷன் அந்தச் சத்தியத்தைச் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை செய்தவர்.

"குடிச்சிருப்பேன் மே" என்றார். "அதான் பயமா இருந்துச்சு."

நான் அங்கேயே, காற்றில் முந்தானை பறக்கப் பறக்க, ஓவென்று அழுதேன். அவர் பயந்து போய், "இன்னா, இன்னா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒன்றுமில்லை, எனக்குப் பசிக்குது, சாப்பிடப் போலாம் என்றேன். கப்பல் ஏறியதிலிருந்து அன்றைக்குத்தான் சோறு உள்ளே இறங்கியது.