டிக்கியில் இருக்கும் டீம்

"பால ஆத்தி வையும்வே. அது ஆறுததுக்குள்ள சொல்லிருதேன்."

டீயா காப்பியா என்று கேட்டால் டேவிட்சன் அண்ணாச்சியின் பதில் இதுதான். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்ட் டீ மாஸ்டர் சீனி போட்ட பாலை முன்னால் வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுவார். பாதி நாள் அண்ணாச்சி வெறும் பாலைத்தான் குடித்துவிட்டு எழுந்திருக்கிறார். கேட்டால், "டீயக் குடிச்சாச்சுன்னா காப்பி போச்சுல்லா?" என்பார்.

வயது ஐம்பத்து நாலு. சொந்தமாகச் சில பவர்லூம் தறிகள். அவற்றில் ஓடுவதெல்லாம் வெள்ளை. வெள்ளை என்றால் பிறகு எந்தச் சாயமும் ஏற்றிக்கொள்ளலாம் பாருங்கள்! தறி அவருக்குப் பிழைப்பு. உயிர் என்னவோ ஊர் பாஸ்கெட்பால் கிளப்தான். செக்ரட்டரியும் அவரே, கோச்சும் அவரே.

ஆடித்தபசுத் திருவிழாவை ஒட்டி நடக்கும் போட்டியில் எங்கள் டீம் வருஷா வருஷம் முதல் ரவுண்டிலேயே மூட்டையைக் கட்டிவிடும். கேப்டன் வெள்ளத்துரைக்கு நாற்பது தாண்டிவிட்டது. இரண்டு முட்டியிலும் உறை மாட்டியிருப்பார். பந்து எதிர்ப்பக்கம் போனால் இவர் போகமாட்டார். எப்படியும் இங்கேதானே திரும்பி வரும்! பழைய ஆட்களை அனுப்பிவிட்டுப் பையன்களை இறக்குங்கள், இரண்டு வருஷம் தோற்றாலும் மூன்றாவது வருஷம் கப் நமக்குத்தான் என்று ஊரே சொல்லிப் பார்த்தது. அண்ணாச்சி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்பார்.

"யோசன நல்லாத்தான் இருக்கு. ஆனா இப்பமே முடிவு பண்ணிட்டா, பெறவு எத வச்சு முடிவு பண்ணுதது?"

நம்பர் போட்ட டீம் பனியன்கள் எல்லாம் அவருடைய ஸ்கூட்டர் டிக்கியில் இருக்கும். ஆட்டத்தன்று கிழடும் இளசும் ஒன்றாக ஓடிக் குதித்து உடம்பைச் சூடாக்க வேண்டும். யாருக்குப் பனியன் என்பது யாருக்கும் தெரியாது; ரெஃப்ரீ விசில் ஊதிய பிறகுதான் டிக்கி திறக்கும். எதிராளி பந்துக்கு எம்பும்போது எங்கள் ஆட்கள் பனியனுக்குள் தலையை விட்டு வழி தேடிக்கொண்டிருப்பார்கள்.

வெள்ளத்துரையே ஒருநாள் கையெடுத்துக் கும்பிட்டார்: "என்னைய விட்டுரும்வே, புண்ணியமாப் போகும். சம்மணம் போட்டுச் சோறு திங்க முடியல."

"இரும்வே. ஒம்மகிட்ட இன்னும் ஆட்டம் இருக்கு."

போகிறேன் என்பவரை விடவும் மாட்டார். வருகிறேன் என்பவனை ஆட்டத்தில் சேர்க்கவும் மாட்டார். வந்தவன் பெயர் முகம்மது அர்ஷத். ஆறடிக்கு மேல் வளர்ந்த பையன். வீட்டில் அவனும் அம்மா சுபைதா பேகமும் மட்டும்தான். தினம் அவனுக்கு முட்டை வாங்கிக் கொடுத்து வளர்த்தவர் அண்ணாச்சிதான். பாசத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் பெஞ்சிலேயே உட்கார வைத்திருந்தார். மதுரைக் கிளப் ஒன்று, தங்க இடமும் சாப்பாடும் தருகிறோம் என்று அவனைக் கூப்பிட்டது.

அன்று நானும் கோர்ட்டில்தான் இருந்தேன்.

"அண்ணாச்சி, தபசு மேட்ச்ல என்னைய மொத அஞ்சுல எறக்குவீங்களா? ஒரு வார்த்த சொல்லுங்க, மதுரைக்குப் போகல. அம்மாவத் தனியா விட்டுட்டுப் போக எனக்கு மனசே இல்ல."

நான் அண்ணாச்சியின் வாயையே பார்த்தேன். சொல்லித் தொலையுமேய்யா, ஒரு 'சரி'தானே! அண்ணாச்சி பந்தைத் தரையில் தட்டினார். மறுபடியும் தட்டினார்.

"பாப்பம் மக்கா. போகவும் வேண்டாம், போகாம இருக்கவும் வேண்டாம்."

இதற்கு அவன் என்ன செய்வான், பாவம்? அந்த வாரமே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். சுபைதா பேகம் முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி பஸ் ஓரமாக நின்றார். அண்ணாச்சியும் ஸ்கூட்டரில் வந்துவிட்டார். டிக்கியைத் திறந்து ஏழாம் நம்பர் பனியனை எடுத்து ஜன்னலுக்கு நீட்டினார். அர்ஷத்தின் முகம் மலர்ந்தது. பனியனின் ஒரு முனையைப் பிடித்தான். மறுமுனையை அண்ணாச்சி விடவில்லை. கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் நகர்ந்தது. அண்ணாச்சியும் பிடித்த பிடியோடு கூடவே நடந்தார்.

அர்ஷத்தான் விட்டான்.

பஸ் திரும்பி மறைந்ததும், அண்ணாச்சி பனியனை உதறினார். நம்பர் மேலே தெரிகிற மாதிரி மடித்து டிக்கிக்குள் வைத்தார். மூடினார், பூட்டவில்லை.